நாகலெட்சுமி மின்விநியோகக் கம்பெனி

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மூன்று மைல் மேலே, பெல்மோர்த் தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பரா வீடுகள் ஒட்டி நின்ற லயத்தில் கரண்ட் இருந்த ஒரே வீடு நாகலெட்சுமியினுடையது. அவள் கேட்டு வாங்கியதல்ல அது. கடைசிக் காம்பராவில் ஒருகாலத்தில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா நடந்தது. துரைமார் வந்து பார்க்கிற இடமென்று அதற்கு மட்டும் கம்பி இழுத்தார்கள். பிள்ளைக்காம்பரா பிறகு வேறிடம் போனது, கம்பி போகவில்லை. புருசனைப் பறிகொடுத்து நின்ற நாகலெட்சுமிக்கு அந்தக் காம்பராவை ஒதுக்கியபோது மீட்டரும் சேர்ந்தே கிடைத்தது.

மற்ற ஒன்பது வீடுகளும் மத்திய மலை மின்சாரக் கம்பெனிக்கு எழுதிப் போட்டன. ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் பதினோரு வருடமாகத் தவறாமல் வந்தது. அணைக்கட்டில் பிறந்த மின்சாரமோ லயத்துக் கூரைக்கு மேலாகப் பெரிய கம்பிகளில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

பொறுத்துப் பார்த்த நாகலெட்சுமி, சந்தியிலிருந்த நஜீம் நானா கடையில் ஒரு சுருள் வயர் வாங்கி வந்து, கூரைக்கடியால் ஒன்பது வீட்டுக்கும் இழுத்துவிட்டாள். வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு பிளக். இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் அயன் பொட்டி போட்டால் பியூஸ் போய்விடும். அதனால் யார் போடுவதென்றாலும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும். கேட்காமல் போட்டால் அவள் வீட்டுப் பல்பு மங்கும். உடனே அகப்பையை எடுத்துக் கூரைத் தகரத்தில் டங் டங்கென்று அடிப்பாள். குற்றவாளி பிளக்கைப் பிடுங்கிவிடுவான். குற்றவாளி பெரும்பாலும் முதல் காம்பரா இராமையாதான்.

இப்படியே போயிருக்கும், இரண்டாயிரத்து எட்டில் கொழும்பில் மின்விநியோக மேற்பார்வை ஆணைக்குழு என்று ஒன்று பிறக்காமல் இருந்திருந்தால். அதன் பரிசோதகர் குணரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். நேர்மையானவர், சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“அம்மா, இந்த வயர் எங்கை போகுது?”

“பக்கத்து வீட்டுக்குங்கய்யா.”

“அங்காலை?”

“அதுக்கு அடுத்த வீட்டுக்கு.”

குணரத்தினம் வயரைப் பார்த்தபடியே இராமையா வீடுவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

“ஒன்பது வீட்டுக்கு மின்சாரம் குடுக்கிறியள். சட்டப்படி நீங்கள் ஒரு விநியோக நிறுவனம். அனுமதிப்பத்திரம் வைச்சிருக்கிறியளோ?”

“அடையாள அட்டைதாங்க இருக்கு.”

“அது காணாது.”

நாகலெட்சுமி அண்ணாந்து வயரைப் பார்த்தாள். “அப்ப வயர வெட்டிப்புடுவீங்களா?”

“வெட்டேலாது. பாவனையாளருக்கு இடைஞ்சல் வரக்கூடாதெண்டும் அதே சட்டத்திலை கிடக்கு. நீங்கள் விண்ணப்பிக்க வேணும்.”

விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம். அதன் தமிழ் குணரத்தினத்துக்கே விளங்கவில்லை. இங்கிலீசில் படித்துத் தன் வாயால் சொல்லி, அவள் சொன்னதை எழுதினார்.

“கட்டுப்பாட்டு அறை எங்கை இருக்கு?”

“இந்தக் குசினிதாங்க.”

“முறைப்பாடு வந்தால் எவ்வளவு நேரத்திலை கவனிப்பியள்?”

“செவத்துல தட்டுவாங்க, போய்ப் பாப்பேன். அடுப்புல சோறு இருந்தா அஞ்சு நிமிசம். இல்லாட்டி ரெண்டு.”

“மின்தடைக்குப் பதிவேடு?”

அவள் சுவரிலிருந்த கலண்டரைக் காட்டினாள். மண்ணெண்ணெய் எவ்வளவு தேவைப்படும் என்று தெரிந்துகொள்ள, கரண்ட் போன நாளிலெல்லாம் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அவர் எண்ணினார். அதுவரை முப்பத்தெட்டுக் கோடுகள்.

அந்த நேரம் பார்த்துப் பல்பு மங்கியது. நாகலெட்சுமி பேச்சை நிறுத்திவிட்டு அகப்பையால் தகரத்தை அடித்தாள். “இராமையா! பிடுங்கு!” பல்பு பளிச்சென்று எரிந்தது.

குணரத்தினம் பேனையை மூடாமலே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன கிழமைதான் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் ஒரு வெளிநாட்டு நிபுணர் இரண்டு நாள் வகுப்பெடுத்திருந்தார். எதிர்காலத்தில் மின்வலையமைப்பு தானே யோசிக்குமாம். எந்த வீடு கூடுதலாக இழுக்கிறதென்று அறிந்து, அந்த வீட்டுக்கே செய்தி அனுப்பிக் குறைக்கச் சொல்லுமாம். ஸ்மார்ட் கிரிட் என்று பெயராம். நாட்டுக்கு வர இருபது வருடமாகும் என்றும் சொல்லியிருந்தார்.

‘பெல்மோரில் ஏற்கெனவே இயங்குகிறது’ என்று குணரத்தினம் எழுதினார். அவருக்குப் பகிடி விடத் தெரியாது.

ஒரு மாதத்தில் அனுமதிப்பத்திரம் வந்தது. கூடவே விநியோக நிறுவனங்களுக்கான விதிப்புத்தகமும் வந்தது. பிடிபட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில் நாகலெட்சுமி அதைத் தினமும் வாசித்தாள். விளங்காத இடங்களை, தொலைபேசிக் காசைப் பாராமல் நஜீம் நானா கடையிலிருந்து குணரத்தினத்திடம் கேட்டாள். மின்தடையை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் சரிசெய்யவேண்டும் என்ற பதினான்காம் விதி அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

வருட முடிவில் ஆணைக்குழு எல்லா நிறுவனங்களையும் தரப்படுத்தியது. மத்திய மலை மின்சாரக் கம்பெனி, தன் பகுதியில் மின்தடையே இல்லை என்று அறிக்கை கொடுத்திருந்தது. அதில் பொய்யில்லை. முறைப்பாட்டுப் புத்தகம் அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரிச் சாவி ஓய்வுபெற்றுப் போன எழுதுவினைஞரிடம் இருந்தது, ஆகவே புத்தகம் வெறுமையாக இருந்தது. நாகலெட்சுமியின் கலண்டரோ, அதே கம்பெனியின் கம்பியில் வந்த கரண்ட் அறுபத்தொரு முறை போனது என்றது. ஆணைக்குழு கலண்டரை நம்பியது. சேவைத் தரத்தில் முதலிடம் நாகலெட்சுமி. மத்திய மலை கடைசி. பத்திரிகைகளில் அது அவள் படத்தோடு பெட்டி கட்டி வந்தது.

“யக்கா, ஒங்க கம்பெனியில எனக்கு ஒரு வேல போட்டுக் குடுங்களேன்” என்றான் இராமையா.

“மொதல்ல அயன் பொட்டிய ஒழுங்காப் போடு” என்றாள் அவள்.

மத்திய மலைக் கம்பெனிக்கு இந்த அவமானத்தைத் தாங்க முடியவில்லை. தன் சேவையை முன்னேற்றுவதைவிட நாகலெட்சுமியை இல்லாமல் ஆக்குவது சுலபம் என்று கண்டுகொண்டது. பதினோரு வருடம் பரிசீலனையில் இருந்த ஒன்பது விண்ணப்பங்களும் ஒன்பது நாளில் வெளியே வந்தன. லொறியில் கம்பம் வந்தது, மீட்டர் வந்தது, வாழைமரம் கட்டி ஒரு திறப்புவிழாவும் நடந்தது. அவளுடைய வயர்களைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார்கள். லயமே சந்தோசத்தில் இருந்தது. அவளும் கைதட்டினாள். ஆனால் வீட்டுக்குள் வந்து வயரைச் சுருட்டும்போது, வேலையிலிருந்து நிறுத்திவிட்டது போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் முன்பு, இனி யாரையும் கேட்கத் தேவையில்லை என்ற தைரியத்தில் ஒன்பது வீடும் கேத்திலும் அயன் பொட்டியும் ஒன்றாகப் போட்டன. கம்பத்தில் படாரென்று சத்தம் கேட்டது. லயம் முழுக்க இருட்டு.

கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒரு முறைப்பாட்டு இலக்கம் கிடைத்தது. மறுநாள் எடுத்தார்கள். இன்னொரு இலக்கம் கிடைத்தது. அன்று பின்னேரம் ஒன்பது வீட்டுக்காரரும் நாகலெட்சுமி வாசலில் வந்து நின்றார்கள்.

அடுத்த நாள் அவள் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டாலும் பரவாயில்லை என்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சேலை மாற்றி, இன்னும் காலாவதியாகாத அனுமதிப்பத்திரத்தோடும் விதிப்புத்தகத்தோடும் ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். கிளைப் பொறியாளர் நிமிர்ந்து பார்க்காமல், முறைப்பாடு என்றால் வெளியே வரிசையில் நிற்கும்படி சிங்களத்தில் சொன்னார்.

அவளும் சிங்களத்திலேயே நிதானமாகச் சொன்னாள்: தான் முறைப்பாட்டோடு வரவில்லை. ஒரு விநியோக நிறுவனம் இன்னொரு விநியோக நிறுவனத்தைப் பார்க்க வந்திருக்கிறது. பதினான்காம் விதிப்படி இருபத்துநான்கு மணித்தியாலம் நேற்றுக் காலையே முடிந்துவிட்டது. இன்று பொழுது சாய்ந்தால் கலண்டரில் மூன்றாவது கோடு விழும். கலண்டர் யாரிடம் போகும் என்று ஐயாவுக்குத் தெரியும்.

பொறியாளர் நிமிர்ந்தார். பத்திரிகையில் வந்த படத்தை அவரும் பார்த்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஜீப் பெல்மோருக்குப் புறப்பட்டுவிட்டது. பொழுது சாயுமுன்னமே கரண்ட் வந்தது. அடுத்த மாதம் பெரிய மின்மாற்றியும் வந்தது.

அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் முறைப்பாடு எழுத அவளிடம் வந்தார்கள். ஆணைக்குழு, பாவனையாளர் ஆலோசனைச் சபையில் அவளை ஓர் உறுப்பினராக்கிக் கடிதம் அனுப்பியது. கூட்டம் செவ்வாய்க்கிழமை, கொழும்பில்.

அவள் குணரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். “செவ்வாக்கெழம கொழுந்து எடுக்கணுங்கய்யா. ஞாயித்துக்கெழம வச்சா வர்றேன்.”

“ஞாயிற்றுக்கிழமை ஆணைக்குழுக் கந்தோர் பூட்டு, அம்மா.”

“அப்ப சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க.”

சாவியைப் பற்றித் தீர்மானிக்க ஆணைக்குழுவுக்கு மூன்று மாதம் பிடித்தது. நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நாகலெட்சுமி கூட்டத்துக்குக் கொழும்பு போக நோட்டன் பிரிட்ஜில் முதல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.