குதிரை ஓடும் முன் சொல்லக்கூடாதது

1

இந்தக் கதை பேராலயத்தின் படிக்கட்டில் எனக்குக் கிடைத்தது. போன வாரம் ரொட்டி வாங்க அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒரு பெண்மணி நின்றார். அறுபது வயதிருக்கும். திடீரென்று வலது பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றார். வலது பக்கத்தில் யாரும் இல்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும் இன்னும் பலமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொட்டியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நிஜம் அவ்வளவுதான். மீதியெல்லாம் என் அளப்பு.

2

முதல் தொடக்கம்: சியெனா நகரம் மூன்று குன்றுகளின் மேல்…

(அடித்துவிட்டேன். இதை எழுத நான் எதற்கு? இப்படி அச்சடித்த சுற்றுலாத் தாளை ரயில் நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: தனிமை என்பது ஒரு…

(இதையும் அடித்துவிட்டேன். தனிமை என்பது என்னவாக இருந்தாலும், உச்சி வெயிலில் மேடேறிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் போய் அதைச் சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.)

மூன்றாம் தொடக்கம்: நீவெஸ் செருப்பைக் கழற்றி உள்ளே இருந்த கல்லை உதறினாள்.

இது இருக்கட்டும். நீவெஸ் என்பது நான் வைத்த பெயர். பெயர் வைத்துவிட்ட உரிமையில் இனி 'அவள்' என்றே எழுதுகிறேன். ஊர் ரோவிகோ. அங்கே தரை தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கும். வாழ்நாள் முழுக்க சைக்கிளில் போனவள். எங்கள் ஊர் ஏற்றத்தில் ஒரு மணி நேரம் நடந்ததுமே அவள் முழங்கால்கள் பேச ஆரம்பித்துவிட்டன.

3

அவள் ஏன் தனியாக வந்தாள்? கதைக்கு ஒரு காரணம் வேண்டும். யோசித்து இதைக் கண்டுபிடித்தேன்.

கணவன் ஜீனோ இறந்து நான்கு வருடம். மகள் தமாரா பொலோன்யாவில் இருக்கிறாள். "வீட்ட வித்துட்டு எங்கூட வந்துடும்மா, பின்னறை காலியாத்தான் கெடக்கு" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நல்ல பெண், அம்மா மேல் உயிர். இப்போது வீடு வாங்கவும் ஆள் கிடைத்துவிட்டது. நாளைக் காலை வருகிறார்கள். இன்றைக்குள் நீவெஸ் 'சரி' அல்லது 'இல்லை' சொல்லியாக வேண்டும்.

நீவெஸ் கணக்கு டீச்சராக இருந்தவள். தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். தெரியாத ஊரில் ஒரு முழு நாளைத் தனியாகச் சுற்ற வேண்டும். 'கூட யாராவது இருந்தால் தேவலை' என்று ஒரு முறைகூடத் தோன்றக்கூடாது. தோன்றாவிட்டால் வீடு தன்னுடையது. தோன்றிவிட்டால் பின்னறை.

காலை முழுக்க அவள் வெளுத்துக்கட்டினாள். சந்துகளில் வழி தவறினாள். யாரிடமும் கேட்காமல் இன்னும் கொஞ்சம் தவறினாள். வாதுமைப் பிஸ்கெட்டை நின்றபடியே தின்று, மேலெல்லாம் சர்க்கரைத் தூளைக் கொட்டிக்கொண்டாள். மதியம் ஆவதற்குள் ஒரு கோப்பை வைன் குடித்தாள். கேட்க ஆளில்லை என்ற சந்தோஷத்தில் இன்னொன்றும் குடித்தாள். நாளைய குதிரைப் பந்தயத்துக்கு (இந்த வாக்கியத்தைப் பிறகு திருத்த வேண்டியதாயிற்று) மண் கொட்டி வைத்திருந்த சதுக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் மனதுக்குள் கேலி செய்தாள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியம்.

பிறகு பேராலயத்துக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள். வலது பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றாள்.

அவ்வளவுதான். பரீட்சை முடிந்தது.

ஒரு தடவை திரும்பியதற்கே தோல்வியா என்று நான் அவளோடு வாதாடிப் பார்த்தேன். பாதி மார்க் போடும் வழக்கம் அவளுக்கு இல்லையாம். மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: "மூணு மணிக்குக் கூப்பிடு. முடிவு சொல்றேன்."

4

இந்த இடம்வரை எழுதியதை என் மனைவி ஒரியெட்டாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் இத்தாலிய மொழியில் சொல்லச் சொல்ல, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அவளுக்குத் தெரியாமல் எதையாவது மாற்றிச் சொல்லலாம்தான். துணிச்சல் வந்ததில்லை.

"இது எந்த நாள்ல நடக்குது?"

"ஜூலை ஒண்ணு."

"ஒரு நாள் தள்ளி வை. ரெண்டாம் தேதி பந்தயம். கதைன்னு வந்தா அன்னிக்குத்தான் நடக்கணும்."

"பந்தய நாளா இருந்தா கதையே மாறிடுமே. அவ தனியா இருக்கணும்."

ஒரியெட்டா கத்தியைக் கீழே வைத்தாள். "பந்தய நாளன்னிக்கு நம்ம தெருவுல ஒருத்தி தனியா இருக்க முடியாது. அதான் சொல்றேன். பாவம், அவளை வெயில்ல அலைய விட்டிருக்கே. கூட்டிட்டு வா இங்க."

"சரி. அப்ப குதிரை?"

"குதிரைக்கு என்ன?"

"பந்தயம்னா முடிவு எழுதணுமே. நம்ம குதிரை…"

அபசகுனம் தட்டாமலிருக்க அவள் சட்டென்று அடுப்பின் இரும்பைத் தொட்டுக்கொண்டாள். "வாய மூடு. தோத்துச்சுன்னு எழுதினா நீ மாடிப்படியில படுத்துக்கலாம். இன்னொரு வார்த்தை இருக்கே, அத எழுதினா இந்தத் தெருவுல உனக்கு மாடிப்படியும் கெடைக்காது."*

* இந்த வருடப் பந்தயம் இன்னும் ஓடவில்லை. பேட்டைக்குப் பேட்டை போட்டி; ஓடும்வரை எங்கள் பேட்டையில் யாரும் முடிவைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். எந்தப் பேட்டை என்று கேட்காதீர்கள். மீதிப் பதினாறு பேட்டைக்காரர்களும் என் வாசகர்களாக வரட்டும். ஆக, இன்னும் வராத ஒரு நாளை நான் இறந்தகாலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதைக்காரனுக்கு அந்தச் சலுகை உண்டு.

5

ஆகவே, ஜூலை இரண்டு. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்ன தேவாலயத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நீவெஸ் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மகளின் அழைப்பு கேட்க வேண்டுமே என்று கைபேசியின் ஒலியை முழுக்கக் கூட்டி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது தேவாலயம் நிரம்பியிருந்தது. எல்லார் கழுத்திலும் ஒரே நிறத்தில் துணி. பூசை போலிருக்கிறது, நடுவில் எழுந்து போனால் மரியாதையில்லை என்று அப்படியே இருந்துவிட்டாள். யாரும் இருமவில்லை, செருமவில்லை. கைக்குழந்தைகள்கூட வாய் திறக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி நெருக்கியடித்து வந்து உட்கார்ந்தாள்.

(ஒரியெட்டா: "அது நான்தானே?" ஆமாம். கதைக்குள் வரவேண்டும் என்று ஒரே அடம்.)

"சிஞ்ஞோரா, மூச்சுகூட மெதுவா விடுங்க," என்றாள் அவள் காதோடு காதாக.

"ஏன், யாராவது செத்துட்டாங்களா?"

"சும்மா இருங்க. வருது."

வந்தது. குளம்பு டக்கு டக்கென்று கல்லில் ஒலிக்க, குதிரைக்காரன் துச்சோவின் கையில் கயிறோடு, பழுப்பு நிறக் குதிரை ஒன்று நடு வழியாக நடந்து பீடத்துக்கு முன்னால் வந்து நின்றது. நீவெஸின் முழங்காலுக்கும் அதன் வாலுக்கும் இடையே ஒரு கை அகலம்தான். பந்தயத்துக்கு முன் குதிரையை ஆசீர்வதிக்கப் பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். குதிரை மிரளக் கூடாது. மிரண்டால் ஒரு வருடக் காத்திருப்பும் போச்சு. தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நீவெஸின் மடியில் சேவல் கூவியது.

அது ஜீனோ விளையாட்டுக்காக வைத்துக்கொடுத்த அழைப்பொலி. அவள் மாற்றவே இல்லை. அந்தச் சின்ன தேவாலயத்தில் சேவல் ஒரு தடவை கூவி, எதிரொலித்து, மறுபடியும் கூவியது.

குதிரை முன்னங்கால்களைத் தூக்கி…

(ஒரியெட்டா: "அதுக்கு ஒரு கீறல் விழுந்துச்சோ, நீ அவ்வளவுதான். அந்த வரிய அடி." அடித்துவிட்டேன்.)

குதிரையின் காதுகள் நிமிர்ந்தன. உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. நீவெஸ் கைபேசியை அமுக்கினாள், தட்டினாள், கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்தாள். சேவல் அடங்கியது. குதிரை யோசித்தது. பிறகு வாலைத் தூக்கியது.

பளிங்குத் தரையில் சாணி விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

'ஐயோ, கெடுத்துவிட்டேனே' என்று நீவெஸ் கூனிக்குறுகிப் போனாள். மெதுவாகத் தலையை உயர்த்தினால், ஒரியெட்டா துணியை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துச்சோவின் தோள்கள் குலுங்கின. பாதிரியார் கூரையைப் பார்த்தார். எங்களுக்கு அதைவிடப் பெரிய நல்ல சகுனம் கிடையாது. ஆனால் சத்தம் போடக் கூடாதே! தேவாலயம் முழுக்க மனிதர்கள் சத்தமே இல்லாமல் சிரித்தார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள். பாதிரியார் ஒருவழியாகக் குரலைச் சரிசெய்துகொண்டு குதிரையிடம் சொல்லவேண்டியதைச் சொன்னார். அது என்ன வார்த்தை என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

6

வெளியே வந்ததும் தெருவே கத்தித் தீர்த்தது.

"அந்தச் சேவல் யாருது?" என்றான் துச்சோ. எல்லாக் கைகளும் நீவெஸைக் காட்டின. அவன் வந்து குதிரை வாசனையோடு அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான்.

"மன்னிச்சுக்கப்பா, எம்பொண்ணு கூப்பிட்டா…"

"உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும். இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லுங்க."

"பேராசைப்படாதடா," என்றாள் ஒரியெட்டா. "ஒரு தடவைக்கு மேல அதுகிட்ட சரக்கு இல்ல." தன் கழுத்துத் துணியை அவிழ்த்து நீவெஸுக்குக் கட்டிவிட்டாள்.

"நான் பஸ்ஸுக்குப் போகணும்."

"பஸ்ஸு நாளைக்கும் வரும். இன்னிக்கு உங்கள விட்டா எங்க தெரு என்னை உயிரோட விடாது."

மேளத்துக்குப் பின்னால், குதிரைக்குப் பின்னால், மேடேறிக்கொண்டே நீவெஸ் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: வீடு, பின்னறை, பரீட்சை, பேராலயத்தில் தோற்றது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவளிடம் சொல்வதைப்போல, கூச்சமே இல்லாமல் சொன்னாள்.

"காலையில தனியா சுத்தினீங்களே, நல்லாருந்துதா?"

"ரொம்ப நல்லாருந்துது."

"இப்ப?"

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"ரெண்டுல ஒண்ணுதானே சரியா இருக்க முடியும்?"

"அடப்போங்க சிஞ்ஞோரா," என்றாள் ஒரியெட்டா. "உங்ககிட்ட படிச்ச பசங்கள நெனச்சா பாவமா இருக்கு."

நீவெஸ் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. எனக்கும் எழுதும்போது சிரிப்புத்தான்.

7

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

நீவெஸ் பஸ்ஸைப் பிடித்து, பொலோன்யாவில் பின்னறையின் ஜன்னலைத் திறந்து… (தமாரா நல்ல பெண் என்று நான்தான் எழுதினேன். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை.)

நீவெஸ் ரோவிகோவுக்குத் திரும்பி, வீடு வாங்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு… (இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது அவளுக்கு எதற்கு?)

நீவெஸ் எங்கள் தெருவிலேயே… (ஒரியெட்டா: "குடி வர்ற அளவுக்கு நம்ம வீட்ல எங்க எடம் இருக்கு?")

நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சேவல் மறுபடியும் கூவியது. ஊர்வலம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. நீவெஸ் எடுத்தாள்.

"மூணு மணிக்குக் கூப்பிடச் சொல்லிட்டு எடுக்கவே இல்லியேம்மா. பயந்தே போயிட்டேன்."

"சர்ச்ல இருந்தேன்டி."

"என்ன சத்தம் அது? யாரு கூட இருக்கே?"

நீவெஸ் சுற்றிலும் பார்த்தாள். முன்னால் மேளம், கொடி, குதிரை. பின்னால் தெரு அடங்காத கூட்டம், பாடிக்கொண்டு.

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்தேன்."

"சரி, முடிவு சொல்றேன்னியே. நாளைக்கு அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"இப்ப சொல்ல மாட்டேன்."

"ஏம்மா?"

"இங்க குதிரை ஓடுறதுக்கு முன்னாடி யாரும் எதையும் சொல்றதில்ல."

"குதிரையா? எந்தக் குதிரைம்மா?"

"எங்க குதிரை," என்றாள் நீவெஸ்.

8

இதுவரை படித்துக் காட்டிவிட்டு நிறுத்தினேன். ஒரியெட்டா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ராத்திரி அவ எங்க படுப்பா?"

"நம்ம வீட்ல எடமில்லன்னு சொன்னியே."

"அது குடி வர்றதுக்கு. ஒரு ராத்திரிக்குக்கூடவா எடமில்லாம போயிடும்?" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து புது விரிப்பு எடுக்கப் போய்விட்டாள். நீவெஸ் என் கற்பனைதான் என்று அவளுக்குப் போய் யார் சொல்வது?

எனக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை; தெரிந்தாலும் சொல்வதற்கில்லை. குதிரை எப்படி ஓடியது, அதன்பின் நீவெஸ் மகளிடம் என்ன சொன்னாள், இரண்டையும் உங்களிடமே விடுகிறேன். நல்லதாகவே யோசிப்பீர்கள் என்று நம்பிக்கை இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். யோசித்ததை மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை இரண்டு கழியும்வரை தயவுசெய்து யாரும் வாயைத் திறக்காதீர்கள்.