வெளிச்சம் வைத்துப் பார்க்கச் சொன்னவள்

தமயந்திக்குப் பீன்யாவில் ஒரு சின்ன சோலார் கம்பெனியில் வேலை. வீட்டு மாடியில் பேனல் வைத்து, கீழே பேட்டரியும் இன்வெர்ட்டரும் பொருத்திக் கொடுக்கும் கம்பெனி. 2001-ல் பெங்களூரில் அப்படி வைத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ரிப்பேருக்குப் போக இருந்தவர்களோ அதைவிடக் குறைவு, இரண்டே பேர். அதனால் புகார் வந்தால் முதலில் தமயந்தி போனிலேயே பேசிச் சரிசெய்து பார்க்க வேண்டும். அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. பீப் சத்தம் நிற்கவில்லையென்றால் ஃபிரிட்ஜை அணைக்கச் சொல். பச்சை விளக்கு எரியவில்லையென்றால் ஃபியூஸைப் பார்க்கச் சொல். சிவப்பு விளக்கு என்றால் பேட்டரித் தண்ணீரைப் பார்க்கச் சொல். இத்தனையும் கேட்ட பிறகுதான் ஆள் அனுப்பலாம் என்பது மேனேஜர் கோவிந்தராஜனின் கண்டிப்பு.

மார்ச் மாதம், காலை பதினொன்றரை மணிக்கு ரெமிஜியஸ் கூப்பிட்டார். ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வாரத்தில் அது அவருடைய மூன்றாவது போன்.

"ஏம்மா, மறுபடியும் செவப்பு லைட்டு அடிச்சிக்கினே கீது. கரண்டு வேற இல்ல. வெயிலு இப்படிக் காயுது, ஒரு ஃபேன் ஓட மாட்டேங்குது."

"சார், பேட்டரில தண்ணி பாத்தீங்களா?"

"ஆள அனுப்புன்னு அன்னைக்கே சொன்னேனே. இன்னொரு விஷயம், முட்ட அழுகுன மாதிரி வாட வருது."

தமயந்தி அட்டையைப் பார்த்தாள். வாடையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

"தண்ணி லெவல் பாத்து சொல்லுங்க சார், அதுக்கப்புறம்தான் நான் ஆள் அனுப்பச் சொல்லி எழுத முடியும்."

"பேட்டரி மாடிப்படிக்குக் கீழ, கபோர்டு உள்ள வெச்சிட்டுப் போனாங்க உங்க ஆளுங்க. இருட்டா கீது. ஒண்ணும் தெரியல."

இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "வெளிச்சம் வெச்சுப் பாருங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பறை திறந்தது. தாழ்ப்பாள் இழுபட்டது. அப்புறம், கனமான பெட்டி மேலிருந்து விழுந்ததுபோல ஒரு சத்தம். ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு ரெமிஜியஸ் அலறினார்.

பேட்டரியில் இருப்பது ஆசிட் என்பதாவது தமயந்திக்குத் தெரியும். "தண்ணி ஊத்துங்க சார்! கண்ணுல தண்ணி ஊத்துங்க!" என்று ரிசீவருக்குள் கத்தினாள். மேஜைமேல் கிடந்த ரிசீவரில் அவள் கத்தியது அவருக்கு எங்கே கேட்கும்? ஆபீஸே எழுந்து நின்றது. ரிப்பேருக்குப் போகும் உமேஷ் புகார்ப் பதிவேட்டிலிருந்து விலாசத்தைப் பார்த்து, அடுத்த அறைப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். தமயந்தி மட்டும் கத்துவதை நிறுத்தவில்லை. நான்கு ஐந்து நிமிடம் கழித்து யாரோ ஒரு பெண் ரிசீவரை எடுத்து, "யாரு இது?" என்று கன்னடத்தில் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"கண்ணிகெ நீரு ஹாக்ரி! ஒரெஸ்பேடி, நீரு ஹாக்ரி!" என்று, துடைக்காமல் கண்ணில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள் தமயந்தி. அந்தப் பெண் ஓடினாள்.

சாயங்காலம் உமேஷ் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். அவளிடம் மெல்லச் சொன்னான். சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி கெட்டுப்போயிருக்கிறது. வெயில் ஏற ஏறப் பேட்டரி கொதித்து, கபோர்டு முழுக்க கேஸ் நிரம்பியிருக்கிறது. அந்த வாடை அதுதான்.

"அவரு மெழுகுவத்தியக் கொளுத்தி உள்ள நீட்டியிருக்காரு. பேட்டரி ரெண்டா பொளந்து கெடக்குது."

"மெழுகுவத்தியா?"

"நீ இன்னா சொன்ன?"



மறுநாள் கோவிந்தராஜன் அவளை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் பதிவேடு விரிந்திருந்தது. ரெமிஜியஸின் பெயருக்கு எதிரே அவள் முந்தின நாள் எதுவுமே எழுதியிருக்கவில்லை.

"டார்ச் வெச்சுத்தான் பார்க்கணும், நெருப்புக் காட்டக் கூடாதுன்னு சொன்னேன்னு எழுதும்மா."

"சார், நான் அப்படி..."

"எல்லாருகிட்டயும் அதைத்தானே சொல்லுவே? நேத்தும் சொல்லியிருப்பே. பதட்டத்துல மறந்திருக்கும். கேஸு கீஸுன்னு வந்தா முதல்ல உன் பேருதான் வரும், கம்பெனி பேரு அப்புறம்தான். யோசிச்சுக்கோ."

அவள் எழுதினாள். இரண்டு வரிதான். எழுத்து வழக்கம்போலவே சீராக வந்தது. அதுதான் பிறகு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீடு இருந்த நீலசந்திராவுக்குப் போகும் பஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுக்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவர் மகள் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"கம்பெனியிலருந்து வரேன். போன்ல பேசுனது நான்தான்."

ஜெசிந்தா ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டாள்.

ரெமிஜியஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கண் மூடித் தைக்கப்பட்டிருந்தது. இடது கண் வெள்ளையாக இருந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் அதற்குத் தெரியுமாம். குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பினார்.

"நீயாம்மா? தண்ணி ஊத்தச் சொன்னது நீதான்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. டாக்டரும் சொன்னாரு, அதனாலதான் இந்தப் பக்கம் இவ்ளோவாவது மிஞ்சிச்சுன்னு."

தமயந்தி நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் உன்ன. கம்பெனி லெட்டர் போட்டுக்கீது. டார்ச் வெச்சுப் பாக்கச் சொன்னோம், நெருப்புக் காட்டாதேன்னு சொன்னோம், இவரு கேக்கலன்னு. நான் முப்பது வருசம் மெஷின்ல வேல பாத்தவன். அப்படிச் சொல்லியிருந்தா மெழுகுவத்திய எடுப்பனா? ஆனா எழுதி வெச்சுக்கிறாங்களே. அப்போ நான்தான் சரியாக் கேக்கலியோ? ராத்திரி பகலா அதையே யோசிக்கிறேன். காது போச்சா, புத்தி போச்சான்னு தெரியல. நீ டார்ச்சுன்னுதான் சொன்னியாம்மா?"

ஜெசிந்தா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் அஜாக்கிரதை என்று அவளும் அவரைத் திட்டியிருந்தாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இல்ல சார். வெளிச்சம் வெச்சுப் பாருங்கன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. வாட வருதுன்னு நீங்க சொன்னீங்க, அதுவும் நான் எழுதல. டார்ச்சுன்னு அடுத்த நாள்தான் எழுதுனேன். அவங்க எழுதச் சொன்னாங்க, நான் எழுதுனேன்."

அவர் கை தடவிக்கொண்டு முன்னால் வந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் நாற்காலிப் பிடியைத் தேடிப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ எனக்குச் சரியாத்தான் கேட்டுக்கீது," என்றார். அழுதார். தைத்த கண்ணிலிருந்தும் நீர் வந்தது.

"இதை எழுதிக் குடுப்பியா?" என்றாள் ஜெசிந்தா.

"குடுக்கறேன்."

"எழுதிக் குடுத்துட்டா எல்லாம் தீந்துடுச்சுன்னு நெனச்சுக்காத. ஆறு வாரமா எங்கப்பாவ நான் பேசுன பேச்செல்லாம் உன்னாலதான் பேசுனேன்."

"தெரியுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். பதிவேட்டில் எழுதியது பொய், எழுதச் சொன்னது யார், போனில் உண்மையில் பேசியது என்ன, எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் கையெழுத்துப் போட்டாள். ரெமிஜியஸ் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார்.

அடுத்த வாரமே வேலை போனது. நுகர்வோர் மன்றத்தில் வழக்கு மூன்று வருடம் நடந்தது. கம்பெனி வக்கீல் அவளைக் கூண்டில் வைத்து, அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று நான்கு விதமாகக் கேட்டார். அன்று எழுதியதுதான் பொய் என்று நான்கு தடவையும் சொன்னாள். தீர்ப்பு ரெமிஜியஸ் பக்கம் வந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது.

அதற்கப்புறம் ஒரு நாள் தமயந்தி சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஜெசிந்தாவைப் பார்த்தாள். பார்க்காததுபோலப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஜெசிந்தாவே பக்கத்தில் வந்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இடது கண்ணுலயும் ஒண்ணும் இல்ல இப்போ. படுத்தே கெடக்காரு. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேங்கறாரு."

"வந்து பாக்கட்டுமா?"

ஜெசிந்தா யோசித்தாள். "வேணாம்," என்றாள். "உன் குரல கேட்டா அன்னைக்கெல்லாம் அவருக்குத் தூக்கம் வராது."

ஜெசிந்தாவின் பஸ் வந்தது. கூட்டத்தோடு முண்டி ஏறிப் போய்விட்டாள்.