எழுத்து மாறாத கோப்பு

ஷூ கம்பெனியின் ராணிப்பேட்டைக் கிளையிலிருந்து மெயில் போவது திடீரென்று நின்றுவிட்டது. 2006ஆம் ஆண்டு மழைக்காலம். ஜெர்மனிக்குப் போகவேண்டிய புது ஷூக்களின் படங்கள் தேங்கிக் கிடந்தன. ஆம்பூர் தொழிற்சாலையில் மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடியது. இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே மாதிரி சர்வர், விண்டோஸில் அல்ல, லினக்ஸில் ஓடுவது. இரண்டையும் அமைத்தவள் ஆம்பூரில் இருந்த ரெனிட்டா.

ராணிப்பேட்டை சர்வரைப் பார்த்துக்கொள்ளும் முனீர் அகமது, மெயிலை எப்படி அனுப்பவேண்டும் என்று அந்தச் சர்வருக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.

"நான் எதையும் மாத்தல மேடம். பெரிய பேஜாரா இருக்கு."

ரெனிட்டா அதையும் தன் ஆம்பூர் சர்வரின் கோப்பையும் வரிவரியாகப் படித்தாள். கிளையின் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை நம்பாமல், கோப்புகளை ஒப்பிடும் இலவச மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினாள். பெயர் உள்ள ஒரு வரி மட்டும் மஞ்சளாகும் என்று எதிர்பார்த்தாள். திரை முழுக்க மஞ்சளானது. எல்லா வரியும் வேறு என்றது அது.

எட்டிப் பார்த்த மேனேஜர் செல்வகுமார், "ஃப்ரீயா கெடைக்கறதுன்னா இப்டிதான்மா இருக்கும்" என்றார்.

அவள் தன் கோப்பையே நகலெடுத்து ஒப்பிட்டாள். மஞ்சள் வரவே இல்லை. மென்பொருள் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் எங்கே வித்தியாசம்?

முனீரின் முகம் வாடியது. "எம்மேல சந்தேகமா மேடம்?"

"சந்தேகம்லாம் இல்ல பாய். எனக்கு ஒண்ணுமே புரியல."

மென்பொருளின் மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டும் வசதி ஒன்று இருந்தது. அதை அழுத்தியதும், முனீரின் கோப்பில் வரிக்கு வரி கடைசியில் ஒரு குறி அதிகமாக நின்றது.

"பாய், இத விண்டோஸ்ல தொறந்தீங்களா?"

"போன வாரம் படிச்சுப் பாக்கலாம்னு தொறந்தேன். சேவ் பண்ணி திரும்ப சர்வர்லயே வெச்சுட்டேன். ஒரு எழுத்துகூடத் தொடல."

"நீங்க தொடல. விண்டோஸே வரி முடியற எடத்துல ஒரு குறி போட்டுடுச்சு. சர்வர் அதையும் சேத்துப் படிச்சுக் கொழம்புது."

"அப்போ போன வாரமே நின்னிருக்கணுமே? முந்தாநேத்து வரைக்கும் போச்சே!"

ரெனிட்டா மறுபடி திகைத்தாள். சற்று யோசித்துவிட்டு, "நேத்து சர்வர் ஆஃப் ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா, கரெண்ட் போச்சு. யூபிஎஸ்ஸும் நின்னுடுச்சு."

மறுபடி எழுந்தபோதுதான் சர்வர் அந்தக் கோப்பைப் புதிதாகப் படித்திருக்கிறது; அதுவரை முன்பு படித்ததை வைத்தே ஓடியிருக்கிறது. ரெனிட்டா அந்தக் குறிகளை நீக்கி மீண்டும் ஒப்பிட்டாள். பெயர் இருந்த வரி மட்டும் மஞ்சளானது.

சரிசெய்த கோப்போடு திரும்பிப் போன முனீர், சாயங்காலம் ராணிப்பேட்டையிலிருந்து போன் செய்தார்.

"மெயில் போய்டுச்சு மேடம். ஆனா ஒண்ணு கேக்கணும். ரெண்டும் கம்ப்யூட்டர்தானே, வரிய முடிக்க எதுக்கு ஆளுக்கொரு குறி?"

"எனக்கும் தெரியல பாய், தேடிப் பாக்கறேன்" என்று ரெனிட்டா இணையத்தைத் திறந்தாள்.