படுதாவுக்கு இரண்டு பக்கம்

தங்கை புருஷன் அர்ச்சுனன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு சிகாமட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து வெள்ளையம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அவள் மட்டும் அடுப்பை விட்டு நகராமல், எப்போதோ காய்ச்சி முடித்த கஞ்சியை மறுபடியும் கிண்டிக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. அதற்கு நாசூக்காக வேறு பேர் வைப்பானேன், பொறாமைதான்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே தொழில், சலவை. வெள்ளையம்மாவும் அவள் புருஷன் காளியப்பனும் மாட்டுவண்டியில் துணி கொண்டுபோவார்கள். அர்ச்சுனனும் தங்கை செல்லமும் அதுவரை சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு திரிந்தவர்கள். சுற்றிலும் உள்ள ரப்பர் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களைப் பங்கு போட்டுக்கொண்டு பிழைத்து வந்தார்கள். ஆனால் துரைமார் கிளப்புத் துணி மட்டும் அக்காள் கையில் இருந்தது. மேசை விரிப்பு, கைத்துண்டு, பரிமாறுகிற ஆட்களின் வெள்ளைக் கோட்டு என்று வாராவாரம் மலைபோல் வரும். அந்தக் கிளப்பு இருக்கிறவரை தெருவில் தன் தலை நிமிர்ந்திருக்கும் என்பது வெள்ளையம்மாவின் கணக்கு.

இப்போது அந்தத் தங்கைக்காரி மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரப் பெட்டிவண்டி ஒன்றை மாட்டி, துணியை அடுக்கி, தானும் புருஷனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தூசுக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு போட்டுக்கொண்டு போகிறாள். கறுப்புக் கண்ணாடி! சின்ன வயசில் அக்காளின் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவளுக்கு! கிளப்பில் பட்லர் கிரகோரி வைத்ததுதான் சட்டம். அவர் ஒருநாள் காளியப்பனிடம் சொல்லிவிட்டார்.

"உங்க மாடு வந்து சேர்றதுக்குள்ள துரைங்க சாப்பிட்டு எந்திரிச்சிடறாங்க லா. கிறிஸ்மஸ் விருந்துக்கு ரெண்டு வீட்டுக்கும் பாதிப் பாதித் துணி தரேன். யார் துணி நல்லா வருதோ அவங்களுக்குத்தான் இனிமே கிளப்பு."

அதைக் கேட்ட அன்றைக்கு வெள்ளையம்மா கல்லில் அடித்த அடியில் ஒரு துரையின் சட்டைப் பித்தான் அத்தனையும் தெறித்துப் போயிற்று.

கடவுள் ஒரு வழி விட்டிருந்தார். மழைக்காலம் தொடங்கியதும் செம்மண் ரோடு குழம்பாகிவிட்டது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் அந்தக் குழம்பை வாரி வாரி நேரே பெட்டிவண்டிமேல் இறைத்தது. செல்லம் வெள்ளையாக ஏற்றிய துணி தோட்டத்தில் சிவப்பாக இறங்கியது. அர்ச்சுனன் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தகடாக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டினான். அது கடகடவென்று ஊரைக் கூட்டிவிட்டு இரண்டாவது மேட்டில் கழன்று விழுந்தது. சாக்கைத் தொங்கவிட்டான். அது நனைந்து கனத்துச் சங்கிலியில் சிக்கி, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேற்றில் உருண்டார்கள். கான்வாஸ் துணியில் படுதா தைத்துப் பெட்டிக்கு முன்னும் மேலும் இழுத்துக் கட்டினான். சேறு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. சிவப்பாக ஊறி இறங்கியது. வெள்ளையம்மாவுக்கு அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பாடு இறங்கிற்று.

அப்போதுதான் செல்லம் வந்தாள். வந்து, வெள்ளாவி அடுப்பின் முன்னால் அக்காளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, தண்ணி ஊறாம இருக்க என்னா செய்றது? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

வெள்ளையம்மாவுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்கள் சாக்கில் ரப்பர் பாலைத் தடவி மழைக்குப் போர்த்திக்கொள்வார்கள். ஒரு சொட்டு இறங்காது. ஆனால் தடவியதைத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூண்டில் போட்டுப் பக்குவமாகக் காயவைக்க வேண்டும். தடவின பக்கம் வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயில் பட்டதும் பிசுபிசுத்து, தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். துணியில் ரப்பர் பால் பட்டால் கறுத்துப்போகும், எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாது. முன்பு ஒரு தடவை அவளே அப்படி ஒரு சரியாகக் காயாத சாக்கை மாட்டுவண்டியில் விரித்து, ஒரு கிளார்க்கின் சட்டையைப் பாழாக்கி, யாருக்கும் தெரியாமல் அடுப்பில் போட்டு எரித்திருக்கிறாள்.

"ரப்பர் பாலை வாங்கிப் படுதாவுல தடவு," என்றாள்.

"துணியில ஒட்டிக்காதா?"

"காஞ்சிட்டா ஒண்ணும் ஒட்டாது."

"எந்தப் பக்கம் தடவணும்?"

இங்கேதான் வெள்ளையம்மா கொஞ்சம் நிறுத்தினாள். தங்கையின் மூக்கில் அந்தக் கறுப்புக் கண்ணாடி பதிந்த தடம் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் தடவு. அப்பத்தான் நல்லா நிக்கும்."

செல்லம் அக்காளின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஓடினாள்.

விருந்துக்கு முதல்நாள் காலையில் மழை கொட்டிற்று. வெள்ளையம்மா கிளப்பின் மேசை விரிப்புகளை நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, கண் கூசுகிற மாதிரி அடுக்கி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனாள். துணி கிளப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் ஊருக்கெல்லாம் கொடுக்கப் பலகாரம் சுட வேண்டும் என்று மாவும் வெல்லமும் வாங்கப் போனாள். அத்தனை நம்பிக்கை. அவள் திரும்பும்போது மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் வண்டி அப்படியே நின்றது. மாடு ஒரு காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அடுக்கி வைத்த துணியைக் காணோம்.

"மாட்டுக்குக் குளம்புல ஆணி ஏறிடுச்சு," என்றான் காளியப்பன். "நல்லவேளையா தம்பி அர்ச்சுனன் கிளம்பிட்டு இருந்தான். நம்ம துணியையும் அவன் வண்டியிலயே ஏத்தி விட்டுட்டேன். உன்கிட்ட கேட்டா வேணாம்னு நிப்பே, அதான் கேக்கல."

வெள்ளையம்மா கையிலிருந்த மாவுப் பொட்டலம் விழுந்து உடைந்தது.

"எங்க வச்சாங்க? அடியிலயா, மேலயா?"

"மேலதான். செல்லத்தைப் பத்தித் தெரியாதா உனக்கு? அவ துணியெல்லாம் அடியில தள்ளிட்டு, அக்கா துணி கசங்கக் கூடாதுன்னு மேலால பூப்போல பரப்பி வச்சா. தங்கமான புள்ள."

அவள் ரோட்டுக்கு ஓடினாள். வளைவு வரைக்கும் ஓடினாள். சக்கரத் தடத்தில் தண்ணீர் நின்றதே தவிர வண்டியைக் காணோம். வெயில் உச்சந்தலையைச் சுட்டது. அந்த வெயில் படுதாவையும் சுட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாள் துணி திரும்பி வந்தது. மேல் விரிப்புகள் எல்லாவற்றிலும் படுதா ஒட்டி உரித்தெடுத்த தடம், கறுப்புக் கறுப்பாக. யாருடைய துணி என்று பட்லருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேங்கொட்டைச் சாற்றில் வெள்ளையம்மா வைக்கிற குறி ஒவ்வொரு மூலையிலும் இருந்தது. அடியிலிருந்த செல்லத்தின் துணி வெள்ளைவெளேரென்று விருந்துக்குப் போய்விட்டது.

வெள்ளையம்மா அந்த விரிப்புகளைத் தொட்டியில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். செல்லம் கண்ணெல்லாம் வீங்கி வந்து எதிரே உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்தாள். கறுப்புக் கண்ணாடியைக் காணோம்.

"நீ சரியாத்தான் சொன்னேக்கா. நான்தான் காயறதுக்குள்ள அவசரப்பட்டுக் கட்டிட்டேன். பட்லர்கிட்ட போய் எல்லாம் என் தப்புன்னு சொல்லிட்டேன்."

வெள்ளையம்மா கறையை இன்னும் அழுத்திக் கசக்கினாள்.

"கிளப்பை எனக்குத் தரேன்னாரு. வேணாம்னுட்டேன். அக்காவுக்கே குடுங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். யோசிக்கிறேன்னிருக்காரு."

நல்ல மனசுள்ளவள் யாராவது இருந்தால் இந்த இடத்தில் உருகியிருப்பாள். வெள்ளையம்மாவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. தன்னுடைய கிளப்பை இவள் தனக்குத் தானம் பண்ணுவதா? தொழிலில் ஜெயித்தாள், இப்போது குணத்திலுமா?

"எனக்கு நீ பிச்சை போடறியாடி? விடு துணியை! நீ தேச்சா மட்டும் போயிடுமா? இது போகாது. அன்னிக்கு அந்தக் கிளார்க்கு சட்டையில ஒட்டினப்பவே என்னென்னமோ போட்டுப் பாத்துட்டேன், போகல!"

செல்லத்தின் கை நின்றது.

"எந்தச் சட்டை?"

தொட்டியில் நுரை அடங்கியது. வெள்ளையம்மா தலையைத் தூக்கவில்லை.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றாள் செல்லம் மெதுவாக. "தெரிஞ்சுதான் ரெண்டு பக்கமும்னு சொன்னே."

கத்துவாள், தலைமயிரைப் பிடிப்பாள் என்று வெள்ளையம்மா காத்திருந்தாள். அதற்குக்கூடப் பதில் வைத்திருந்தாள். செல்லம் விரிப்பின் முனையைத் தொட்டிக்குள் போட்டாள். கையை உதறினாள். எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம், ரோடே தெரியாத மழையில் மோட்டார் சைக்கிள் வெள்ளையம்மாவின் வாசலைத் தாண்டிக் கிளப்புப் பக்கம் போயிற்று. செல்லம் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்சக்கரம் வாரி இறைத்த சேறெல்லாம் புதுப் படுதாவில் பட்டு வழிந்து கீழே போயிற்று. புகையில் காய்ந்து தேன் நிறமாக இருந்தது படுதா. காற்றில் அதன் ஒரு மூலை மட்டும் புரண்டது. உள்பக்கம் ஒன்றும் தடவாத வெறும் கான்வாஸ்.

"யாரோ சரியா சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றான் காளியப்பன், மாட்டின் காலுக்கு எண்ணெய் போட்டபடி.

வெள்ளையம்மா அந்த யாரோவின்மேலும் பொறாமைப்பட்டாள்.