ஆட்டிப் பார்த்த டாக்டரும் ஒரு கொடிச்சம்பங்கியும்

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் கிடைத்தது. வாய் நிறையப் பஞ்சு. அவர் சொல்லிக்கொண்டே போனார். குறுக்குக் கேள்வி கேட்க எனக்கு வழியில்லை. ஆகவே கதையில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டியவர் அவர்தான்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "மாலைக் காற்றில் சம்பங்கி மணம் மிதந்து வர, அவள் விழிகள்—"

அடித்துவிட்டேன். அவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். மாலையில் அவளுக்கு விழிகள் எரியும், அவ்வளவுதான்.

நாள் முழுக்கப் பிறர் ஓட்டும் காரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருபவள், வீட்டின் பின்சுவரில் படர்ந்த கொடிச்சம்பங்கிக்குக் கீழே சற்று நேரம் பேசாமல் உட்காருவாள். அதற்குப் பிறகுதான் மனுஷி ஆவாள். அந்தச் சுவரை இடிக்கப்போவதாக வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். கொடியும் கூடவே போகும்.

"கவலையை விடு. தண்டை வெட்டி நட்டா வேர் விட்டுடும். நான் பாத்துக்கறேன்," என்றார் அவள் கணவரான நம் டாக்டர். கிளினிக்கில் வாய் கொப்பளிக்கத் தரும் கப்புகளில் மண் நிரப்பி, ஆறு துண்டுகளை நட்டார்.

(முதல் பிரதியில் பன்னிரண்டு. அத்தனையையும் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.)

3

ஒவ்வொன்றாக வாடின. தண்ணீர் சரி, நிழல் சரி. [இங்கே ஒரு வில்லன் தேவை. பக்கத்து வீட்டு ஆடு?] தேவைப்படவில்லை. ஒருநாள் காலை மனைவியே வில்லனைக் கையும் களவுமாகப் பிடித்தாள். டாக்டர் குனிந்து, தண்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஆடுதா இல்லையான்னு பாக்கறேன்."

"தினமுமா?"

"காலையில ஒருதரம், கிளினிக்லேருந்து வந்து ஒருதரம். ஆடுச்சுன்னா வேர் பிடிக்கலைன்னு அர்த்தம்."

"நீங்க ஆட்டினா அது எப்படிப் பிடிக்கும்?"

டாக்டர் நிமிர்ந்தார். "இத்தனை வருஷமா இப்படித்தான் பாக்கறேன். யாரும் குறை சொன்னதில்லையே."

"அதெல்லாம் ஏற்கெனவே வேரோட வந்த பல்லுங்க."

4

மிஞ்சியது ஒரே கப். அதைப் பறிமுதல் செய்து, டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்தாள்.

(இங்கே எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்தது. இத்தனை கெட்டிக்காரி இதைச் செய்வாளா? கோபத்தில் செய்வாள் என்று விட்டுவிட்டேன்.)

அன்று வந்த புது மாணவர் கிளச்சை விட்ட விதத்தில் கார் தவளையாகக் குதித்தது.

"உங்க ஒரு மாச ஆட்டத்தை ஒரே பாடத்துல ஆடிடுச்சு," என்று கப்போடு வீடு திரும்பினாள்.

"அதுக்கு என்கிட்டயே இருந்திருக்கலாம்."

"வாயை மூடுங்க," என்றாள். அவருக்குத் தொழிலில் பழக்கமில்லாத வார்த்தை.

பின்பக்கம் போய்ப் பார்த்தால் சுவர் இல்லை. அன்று மதியமே இடித்து, கொடியோடு லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

5

முடிவு அ: இருவரும் சிரித்துக்கொண்டே செடிக் கடைக்குப் போய்—

நடக்காது. டாக்டர் கேட்டுப் பார்த்திருக்கிறார். "கடையில இருக்கறது கடைக்காரரோடது," என்றாளாம்.

முடிவு ஆ: எழுதப் பயமாக இருக்கிறது.

இனி நடந்தது மட்டும். கப் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. இருவருமே தொடுவதில்லை என்று ஒப்பந்தம். நேற்று காலை ஒரு துளிர் எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சு பாருங்க."

"வேர் இல்லாமலேயும் துளிர் விடும்மா. தண்டுல இருக்கற சத்துல."

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஏங்க, லேசா... ஒரே ஒரு விரலால?"

டாக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். வேர் பிடித்ததா என்று நான் எழுத வேண்டுமானால், முதலில் அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். மாட்டேன். கப் இப்போது உங்கள் முன்னால். விரலை நீட்டுவதானால் நீட்டுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.