லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் வந்தவள்

1

இந்தக் கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கை அம்மா, மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு, முன்னால் போகும் பழைய லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தவரா என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரர்தான். நான் ஏறினா வண்டி இருமுது. அதான் பஸ்ல வர்றேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அதிகாலைப் பொன்னொளியில் அந்த லாரி, ஒரு கிழட்டு யானையைப் போல" — சீ, வேண்டாம். லாரி லாரியாகவே இருக்கட்டும்.

பெட்ரோல் வண்டி, நல்ல வயசு, டிரைவருக்கே சொந்தம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் 'டப்'பென்று ஒரு துடிப்பை விழுங்கும், உதறும், மறுபடி ஓடும். பட்டறையில் இதற்கு மிஸ்ஸிங் என்று பேர். ப்ளக் மாற்றியாயிற்று, ப்ளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில் மாற்றியாயிற்று. கடைசியில் பெண்டாட்டியையும் மாற்றிப் பார்த்தார். [அவசரப்படாதீர்கள். லாரியிலிருந்து பஸ்ஸுக்கு மாற்றினார்.] மிஸ்ஸிங் நின்றது! மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "சரியாயிடுச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சரக்கை எண்ணி இறக்குவது மனைவியின் வேலை என்பதால், அந்த அம்மா லாரி போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே பஸ் பிடித்தார்.

ஒருநாள் அந்த அம்மா பட்டறை வாசலில் பையோடு வந்து நின்றார்.

"இன்னைக்கு இது சரியாகணும். இல்லேன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அதுக்கும் பஸ்லதான் போகணும், தெரியும்."

டிரைவர் பையை எட்டிப் பார்த்தார். பை நிறைய துணி இருந்தது.

3

"வெயிட்டுதான் காரணம்னு தோணுதுண்ணே. அக்கா எவ்வளவு இருப்பாங்க?" என்றான் மெக்கானிக், மெதுவாக.

"நீயே கேளு."

"உங்க வீட்டம்மா. நீங்க கேளுங்க."

இரண்டு பேருக்கும் துணிச்சல் வரவில்லை.* குத்துமதிப்பாக மணல் மூட்டைகளைத் தூக்கி அந்த அம்மாவின் சீட்டில் வைத்தார்கள். எஞ்சின் அழகாக ஓடியது. இன்னொரு மூட்டை வைத்தார்கள். அப்போதும் அழகாக ஓடியது.

"இன்னும் ஒண்ணு வைங்க, ஆசை தீரட்டும்" என்றார் அந்த அம்மா.

(* எனக்கும் வரவில்லை.)

4

இந்த இடத்தில் எனக்கு டிரைவர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஆள் இவ்வளவு மக்காகவா இருப்பான்? மெக்கானிக்கை மேதையாக்கித் தப்பிக்கலாமென்று பார்த்தேன். "அவன் கண்களை மூடி எஞ்சினின் இதயத்தை" — அடித்துவிட்டேன். தன் பாக்கெட்டில் இருக்கும் ஸ்பேனரைப் பட்டறை முழுக்கத் தேடுகிற ஆள் அவன்.

ஆகவே அந்த அம்மாவே மூட்டைகளைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி ஓடியது. கணவர் பக்கம் திரும்பி, முன்னால் சாய்ந்தார்.

"ஏங்க, உங்களுக்கு ஒரு நாளாவது—"

டப்.

"சும்மா இரு, சத்தத்தைக் கேக்கணும்!" என்றார் டிரைவர்.

அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். இருமல் நின்றது.

"அக்கா, அண்ணனை இன்னொரு வாட்டி திட்டுங்க" என்றான் மெக்கானிக்.

"எதுக்கு?"

"வைத்தியத்துக்கு."

சாய்ந்து திட்டினார். டப், டப். மெக்கானிக் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். சீட்டின் முன்கால் கழன்று ஆடியது. அவர் பேசத் திரும்பிச் சாயும்போதெல்லாம் அந்தக் கால், காயிலுக்குப் போகும் ஒயரை நசுக்கியது.

"அட, அக்கா பேசினா மிஸ்ஸிங், 'சும்மா இரு'ன்னா சரியாயிடுது! நல்லா இருக்கே!" என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமாக அந்தச் 'சும்மா இரு'வைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று டிரைவர் யோசித்தார். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

5

ஒயருக்கு டேப் சுற்றி, போல்ட்டை முறுக்கினார்கள்.

முடிவு ஒன்று: இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனார்கள். [எனக்கே நம்பிக்கை இல்லை.] முடிவு இரண்டு: அந்த அம்மா பஸ் ஏறினார், பக்கத்து இருக்கையில் நான். [சுயநலம். கிழித்தாயிற்று.]

கையில் இருப்பது இதுதான். "அக்கா வீட்டு முனை வரைக்கும் வர்றேன்" என்று அந்த அம்மா லாரியில் ஏறினார். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த அம்மா ஜன்னலைப் பார்க்கிறார். ஒரே ஒரு இருமல் வந்தால்கூடத் தேவலை என்று டிரைவருக்கு இருக்கிறது.

"ஏதாவது பேசேன்."

"என்ன பேச?"

"அப்பல்லாம் நான் சும்மா இருன்னு சொல்றப்போ, என்ன சொல்ல வந்தே?"

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"எந்தத் தடவை?"

இதற்கு டிரைவர் என்ன சொல்ல வேண்டும்? எழுதி எழுதி அடிக்கிறேன். ஒரு தடவையாவது அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும். எது என்று எனக்குத் தெரியாது, நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள்தான். முனை வந்துவிட்டது. நீங்கள்தான் அவருக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும். எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.