வீரமணியின் பக்கம்

புவனேஸ்வரி வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் அவளுடையது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று பெரம்பலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பத்திரிகையும் போஸ்டரும் அதில்தான் செய்து கொடுப்பாள். லினக்ஸ் அவள் கணவர் வீரமணியுடையது. விண்டோஸில் குரல் பதிவு செய்யும்போதெல்லாம் மெஷின் பாதியில் உறைந்து நின்றதால், அரியலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கிளமெண்ட் அதே ஹார்டு டிஸ்க்கில் ஒரு பாகத்தைப் பிரித்து லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். “என் பக்கம்”, “உங்க பக்கம்” என்றுதான் புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்வார்கள்.

வீரமணிக்குக் குரல்தான் பிழைப்பு. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, தேர்தல் ஆட்டோ, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் அடையாளம், கபடிப் போட்டி வர்ணனை எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊருக்குத் திருப்தி. அவர் மைக் பிடித்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டோடு வாசலுக்கு வருவார்கள். எறையூரில் பேசினால் சர்க்கரை ஆலைச் சங்கு தோற்றுவிடும் என்று கேலி செய்வார்கள். மேடையில் பேசியதையும் பதிவு செய்து கொண்டுவந்து தன் பக்கத்தில் சேர்த்து வைப்பார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை மிஞ்சியது; அதன் மேல் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வீரமணி வீடு திரும்பினார். பேச நினைத்தால் உதடு மட்டும் அசையும். முதலில் புவனேஸ்வரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. செல்போனில் எழுதிக் காட்டுவார். போகப்போக அவள் உதட்டைப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டாள். ‘காப்பி’க்கும் ‘சாவி’க்கும் உதடு எப்படி வேறுபடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீரமணி தன் பக்கம் போகவே இல்லை. கறுப்புத் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்படியிருக்க, ஒரு நாள் பத்திரிகை வேலை நடுவில் கம்ப்யூட்டருக்குள் ‘கட், கட்’ என்று சத்தம் கேட்டது. பல்லி கத்துகிறதோ என்று புவனேஸ்வரி சுவரைப் பார்த்தாள். சத்தம் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. கிளமெண்டுக்குப் போன் போட்டாள்.

“டிஸ்க்கு சாவப்போவுதுக்கா. மொதல்ல எல்லாத்தையும் வெளி டிஸ்க்குல காப்பி எடுத்துருங்க. அப்பறம் பேசலாம்.”

தன் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளி வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டாள். பிறகு வீரமணியின் பாகத்தைத் தொட்டாள். உள்ளே இருப்பதைக் காட்டாமல், இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது திரை. அவள் விரல் மவுசின் மேலேயே நின்றது. மறுபடியும் கிளமெண்டைக் கூப்பிட்டாள்.

“ஐயையோ, ஆமான்னு அமுக்கிறாதீங்கக்கா! அது காலி இல்ல. விண்டோசுக்கு லினக்ஸோட எழுத்து படிக்கத் தெரியாது, அதனால ஒண்ணுமில்லாத எடம்னு நெனச்சிக்கிட்டுக் கேக்குது. லினக்ஸ்ல நொழஞ்சு காப்பி எடுங்க. அங்கேருந்து பாத்தா ரெண்டு பக்கமும் தெரியும்.”

“அதுக்கு அவரு பாஸ்வேர்டு வேணுமேப்பா.”

“மாமாவக் கேளுங்க.”

கேட்டாள். வீரமணி கட்டிலில் சாய்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமல் உதட்டை அசைத்தார். புவனேஸ்வரிக்குப் புரிந்தது. புரியாதது மாதிரி நின்றாள். அவர் செல்போனை எடுத்து எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். *அழிச்சுடு.*

“எத்தன வருசம் பேசுனது. அழிக்கச் சொல்றீங்களே.”

*பேசுனவன் போயிட்டான்.*

“போனவரா இங்க ஒக்காந்து மொச்ச உரிக்கிறாரு?” என்றாள் வெடுக்கென்று. அவர் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே உறுத்தியது.

விஷயத்தைக் கேட்ட கிளமெண்ட் வேறொரு வழி சொன்னான். “பாஸ்வேர்டே வேணாம்க்கா. நான் ஒரு பென் டிரைவ்ல வேற லினக்ஸ் கொண்டாந்து, அதுலேருந்து மெஷின ஓடவிட்டு, மாமா பக்கத்த அப்படியே எடுத்துருவேன். அவருக்குத் தெரியக்கூட வேணாம்.”

புவனேஸ்வரி போனை மறு காதுக்கு மாற்றினாள். அவள் ஆசைப்பட்டதுதான். திருட்டுத்தனமாகவாவது அந்தக் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கத்தியை வைக்கும்போதும் அவரைக் கேட்டுத்தான் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்.

“வேணாம்ப்பா. அவரு பூட்டுனத அவரே தொறக்கட்டும்.”

“அதுவரைக்கும் டிஸ்க்கு தாங்கணுமேக்கா.”

“தாங்கலேன்னா என்ன செய்ய.”

மெஷினை அணைத்துத் துண்டு போட்டு மூடினாள். கிளமெண்ட் கொடுத்த ஒரு பழைய லேப்டாப்பில் தன் வேலையைப் பார்த்தாள். வீரமணியும் அதைப் பற்றி எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. மூடிய மெஷின் மூலையில் கிடந்தது. தூசி தட்டும்போது மட்டும் அவள் கை அங்கே கொஞ்சம் தயங்கும்.

காத்தாயி வந்தது ஆனி மாதக் கடைசியில். ஐம்பதை ஒட்டிய வயது, வெயிலில் கறுத்த முகம், கையில் மஞ்சள் பை. அரியலூருக்கு அந்தப்புறம் ஒரு ஊர். வாசலில் நின்று, “போஸ்டர் அடிக்கிறவங்க வூடு இதானுங்களா?” என்று கேட்டார்.

மகனுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. செல்போனில் வைத்திருந்த படத்தைக் காட்டினார். சிரித்த முகம், காதில் சின்னக் கடுக்கன். புவனேஸ்வரிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. விக்கி. வெல்டிங் வேலை பார்த்த பையன். லீவு நாளில் வீரமணியோடு கபடி மேடை மேடையாகச் சுற்றுவான். அவர் வர்ணனை செய்ய, பக்கத்தில் நின்று இன்னொரு மைக்கில் வம்பு பேசுவான். போன ஆடியில் சிமென்ட் லாரி மோதி பைக்கோடு போய்விட்டான். வீரமணி அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாவுக்குப் போக முடியவில்லை.

படம், தேதி, பெயர் எல்லாம் வாங்கி முடித்த பிறகும் காத்தாயி எழவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“தங்கச்சி, போஸ்டரு எங்கூருப் பக்கமே அடிச்சிருப்பேன். நான் வந்தது வேற ஒண்ணுக்கு. எம்மவன் போனு அன்னிக்கே நசுங்கிப் போச்சு. போட்டோ இருக்கு, பனியன் இருக்கு, செருப்பு இருக்கு. கொரலு மட்டும் எங்கயும் இல்ல. அண்ணன்கூட மைக்குல பேசுனானே, அது ஏதும் கெடக்குதா?”

புவனேஸ்வரியின் கண் துண்டு மூடிய மெஷின் பக்கம் போனது. உள் அறை வாசலில் வீரமணி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. காத்தாயி அவரைப் பார்த்து எழுந்தார்.

“அண்ணே, ஒங்களுக்கும் இப்படி ஆயிப்போச்சாமே. அப்ப எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா வந்து பாத்துருப்பேன்.”

வீரமணி கும்பிட்டார். அப்படியே மூலைக்குப் போய்த் துண்டை எடுத்தார்; அதைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார்.

கறுப்புத் திரை. இரண்டு பெயர்கள். வீரமணி லினக்ஸ் என்ற பெயருக்குப் போய் அழுத்தினார். உள்ளே ‘கட், கட்’ தொடங்கியது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. புவனேஸ்வரி சுவரோரம் நின்று, மதுரகாளி ஆத்தா, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டாள். பாஸ்வேர்டு கேட்டது. அவர் தட்டச்சினார். விரல் மறக்கவில்லை.

வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினாள். “எல்லாத்தையும் ஒண்ணா இழுத்துப் போடுங்க” என்றாள். அவர் தலையாட்டி மறுத்தார். மெஷின் எந்த நிமிடமும் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ‘விளம்பரம்’, ‘திருவிழா’, ‘தேர்தல்’ என்று வரிசையாக இருந்த ஃபோல்டர்களையெல்லாம் தாண்டி ‘கபடி’யைத் திறந்து, விக்கி அதிகமாகப் பேசிய ஒரு போட்டியை மட்டும் எடுத்துப் போட்டார்.

பச்சைக் கோடு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. காத்தாயிக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் கோடு நிற்கும்போதெல்லாம் அவரும் மூச்சைப் பிடித்தார். முக்கால்வாசி வந்திருக்கும். பெட்டிக்குள் ஏதோ கீறியது போல ஒரு சத்தம். திரை அப்படியே உறைந்தது. அதன் பிறகு எத்தனை முறை அணைத்துப் போட்டும் அந்தக் கறுப்புத் திரைகூட வரவில்லை.

லேப்டாப்பில் பார்த்தபோது வெளி டிஸ்க்கில் அந்தப் பதிவு இருந்தது, குறையாக. புவனேஸ்வரி அதை ஓடவிடப் போனாள். காத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப வேணாந் தங்கச்சி. தனியா கேட்டா நான் தாங்க மாட்டேன். அவங்கப்பாவும் இருக்கட்டும். வூட்டுக்கு வாங்க ரெண்டு பேரும்.”

காத்தாயி பஸ் ஏறிய பிறகு புவனேஸ்வரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வீரமணி வந்து எதிரில் குந்தினார். வேண்டியது வந்துவிட்டதே என்றது அவர் உதடு.

“ஒங்களுக்கு வேணுங்கிறது வந்துருச்சு. எனக்கு வேணுங்கிறது? ‘புவனா, தண்ணி கொண்டா’ன்னு நடுவுல மைக்க மூடாம கத்துவீங்களே, அந்தக் கொரல வெச்சுக்கணும்னு நான் நெனைக்கக் கூடாதா?”

வீரமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அந்தப் பக்கத்தில் இருப்பது தன் உடைமை என்று மட்டுமே அவர் நினைத்திருந்தார் போலும். தோளில் கிடந்த துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்; அவள் துடைக்க விட்டாள்.

கிளமெண்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். வந்த குறைப் பதிவைத் தன் கடையில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று உடனே பிரதி எடுத்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் மாறினார்கள். வழியெல்லாம் லாரிகள். ஒவ்வொரு லாரி எதிரே வரும்போதும் வீரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காத்தாயியின் கணவர் அமாவாசை ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். அதிகம் பேசாத மனிதர். வீட்டு முன்னால் வேப்ப மரத்தடியில் பாய் விரித்திருந்தது. புவனேஸ்வரி சின்ன ஸ்பீக்கரில் பென் டிரைவைச் செருகினாள்.

கூட்டத்து இரைச்சல். அதைப் பிளந்துகொண்டு வந்தது வீரமணியின் குரல்.

“இதோ, மஞ்சள் பனியன் அணியிலிருந்து ஏழாம் எண் வீரர் கபடி பாடி வருகிறார்! கோட்டைத் தாண்டினார்! கவனம், கவனம்...”

“மாமா, அது ஏழு இல்ல, ஒண்ணு. பனியன் மடிஞ்சிருக்கு.”

காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டார். அமாவாசை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

“அன்பார்ந்த பொதுமக்களே, கண்ணாடியை மறந்து வந்த குற்றத்துக்காக என்னை மன்னிக்கவும். தம்பி விக்கி கண்ணாகச் செயல்படுவார்.”

“கண்ணா இருக்க தனிச் சம்பளம் மாமா.”

கூட்டம் சிரித்தது. ஸ்பீக்கருக்குள் சிரித்த கூட்டத்தோடு அமாவாசையும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். வீரமணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். புவனேஸ்வரி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தாள். போகவில்லை. வர்ணனையின் வேகத்துக்கு அவர் தலை மெல்ல ஆடியது.

“இரண்டு அணியும் சமம்! இதுதான் கடைசி ரெய்டு! மஞ்சள் பனியன் பாடிப் போகிறார், மூலையைப் பார்க்கிறார்...”

சத்தம் நின்றது.

“அப்பறம்?” என்றார் காத்தாயி. “யாரு செயிச்சா?”

“இவ்வளவுதாங்க்கா வந்துச்சு. மிச்சத்த டிஸ்க்கு முழுங்கிருச்சு.”

அமாவாசை ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். அப்போது வீரமணி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். புவனேஸ்வரியைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

“என்ன சொல்றாருன்னா...” என்று ஆரம்பித்தாள் அவள். “மஞ்ச பனியன் பையன் மூலைக்குப் போனானாம். அங்க நீலப் பனியன்ல ரெண்டு பேரு காத்திருந்தாங்களாம்.”

வீரமணி கையை வீசினார்: இப்படி இல்லை, இன்னும் வேகமாக. அவர் கோட்டைத் தாண்டி ஓடினார், குனிந்தார், யாரோ காலைப் பிடித்தது போல மண்ணில் கை ஊன்றினார். அவளுக்கு நாக்கு தட்டுத் தடுமாறியது. பிறகு எப்படியோ அந்த ஓட்டம் பிடிபட்டது.

“கால மடக்கிட்டான்! பாட்ட விடல! கைய நீட்டுறான், கோட்டுக்கு ஒரு சாண், ஒரே சாணு... எட்டல! போச்சு! நீலப் பனியன் செயிச்சிருச்சு!”

“தோத்துட்டாங்களா!” என்றார் காத்தாயி, நேற்று நடந்தது போல.

“இருங்க, இன்னும் சொல்றாரு. ஒங்க மவன் சும்மா இருக்கலயாம். நடுவரு கண்ணுல மண்ணு விழுந்துருச்சு, ஆட்டம் செல்லாது, மறுபடியும் ஆடுவோம்னு மைக்குல அறிவிச்சுட்டு, மைக்கோட ஓடிப்போயிட்டானாம். இவரு தொரத்திக்கிட்டே போயி வயக்காட்டுல புடிச்சாராம்.”

அமாவாசை தொடையில் தட்டிச் சிரித்தார். “செஞ்சிருப்பான். செஞ்சிருப்பான் அந்தப் பய.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். காத்தாயி அவர்களை உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார். பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

“தங்கச்சி, அண்ணன இன்னொருக்கா சொல்லச் சொல்லு. இவங்களும் கேக்கட்டும்.”

வீரமணி மூச்சு வாங்க நின்றார். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு கோட்டுக்கு அந்தப்புறம் போனார். புவனேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். இந்தத் தடவை தெருக்கோடி வரை கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.